பழைய காரின் ஃபால்ட் கோடு: எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று வருகிறது. இணையத்தில் தேடினால், எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லி நாலு பேர் எழுதியிருப்பார்கள். மாற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டினால் அதே லைட் மறுபடி எரியும். பழைய கார் வைத்திருப்பவர்களின் பணம் பெரும்பாலும் இந்த வழியில்தான் கரைகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் தனக்குள் ஓயாமல் சில சோதனைகளை நடத்திக்கொண்டே இருக்கிறது. அதில் ஒன்று தேறவில்லை என்ற அறிவிப்புதான் கோடு. எந்தச் சோதனை என்பதை அது சரியாகவே சொல்லும். ஏன் தேறவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

கீழே வருவது பெட்ரோல் கார்களுக்கானது. ஒரு ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், எழுதிவைக்க ஒரு நோட்டு, இவ்வளவு இருந்தால் போதும்.

ஸ்கேனருக்கு முன்னால்

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் எஞ்சின் லைட் இப்போது எரிய வேண்டும். எரியவில்லையா? பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம். இதன் வயரை ஆயில் லைட்டின் வயரோடு சேர்த்துவிடும் தந்திரமும் உண்டு. சாவி போட்டால் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். ஸ்கேனரில் ‘எம்ஐஎல் ஸ்டேட்டஸ்’ என்ற வரியைப் பாருங்கள் (எம்ஐஎல் என்பது செக் எஞ்சின் லைட்டின் மறுபெயர்). அங்கே ‘ஆன்’ என்று இருந்து, எஞ்சின் ஓடும்போது டேஷ்போர்டில் லைட் இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பேட்டரி. இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. இந்த எண்கள் சரியில்லாத காரில் கோடு படிப்பதே வீண். மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடியாமல் தடுமாறும். ஏபிஎஸ், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் என்று பத்துப் பன்னிரண்டு கோடுகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் காரணம் செத்துப்போன பேட்டரியாகவோ டெர்மினலில் பூத்த பச்சையாகவோ இருக்கும்.

எர்த் வயரையும் பாருங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் இணைப்பு துருவேறியிருக்கிறது. பழைய கார்களில் இது சர்வசாதாரணம். புரியாத கோடுகளில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது.

போர்ட்டும் கருவியும்

ஓபிடி-2 என்ற பொதுத்தரம் அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல், டீசலுக்கு 2004இல் வந்தது. 16 பின் உள்ள அந்த போர்ட் டிரைவர் பக்க டேஷ்போர்டுக்கு அடியில், முழங்காலுக்கு மேலே இருக்கும். சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஸ்கேனரில் விளக்கே வரவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் இடையே பேட்டரி வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். வரவில்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்த போர்ட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். விளக்கு வருகிறது, ஆனால் காரோடு பேசவில்லை என்றால் சாவி ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் புரோட்டோகால், அதாவது காரும் கருவியும் பேசிக்கொள்ளும் முறை, பிரச்சினையாக இருக்கலாம். 2008க்கு முந்தைய கார்கள் பல, ‘கேன்’ என்ற புதிய முறை அல்லாத பழைய முறைகளில் பேசுகின்றன. மலிவான எல்ம் 327 நகல் புளூடூத் கருவிகள் சிலவற்றுக்கு அந்தப் பாஷை தெரியாது. பழைய கார் என்றால், எல்லாப் புரோட்டோகாலும் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. நேரடி அளவுகளைக் காட்டும் ‘லைவ் டேட்டா’ வசதி இல்லாத கருவி பாதிக் கருவிதான்.

ஓபிடி-2க்கும் முந்தைய கார் என்றால் ஸ்கேனர் இல்லாமலே படிக்கலாம். சர்வீஸ் கனெக்டரில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் லைட் மினுக்கிச் சொல்லும். பழைய டொயோட்டாக்களில் டிஇ1, இ1 என்று குறித்த முனைகள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏ, பி முனைகள். முதலில் 12 என்ற கோடு மூன்று முறை வரும், அது ‘நான் விழித்திருக்கிறேன்’ என்ற அடையாளம் மட்டுமே. ஹோண்டாக்களில் நீண்ட மினுக்கல் பத்துகளையும் குறுகிய மினுக்கல் ஒன்றுகளையும் குறிக்கும். எந்த முனை என்று அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டே இணையுங்கள். தவறான முனையைத் தொட்டால் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

அழிக்காதீர்கள், முதலில் எழுதுங்கள்

புதிதாகக் கருவி வாங்கியவரின் விரல் தானாக ‘கிளியர்’ பொத்தானுக்குப் போகும். அழித்தால் கோடு மட்டும் போவதில்லை. கோடு விழுந்த கணத்தில் பதிவான எஞ்சின் அளவுகள் (ஃப்ரீஸ் ஃப்ரேம்) போகும், எந்தெந்தச் சோதனை முடிந்தது என்ற ரெடினஸ் பதிவுகள் போகும், பெரும்பாலான கார்களில் எரிபொருள் திருத்தக் கணக்கும் போகும். நோய்க்குறிப்பு முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு வைத்தியம் பார்ப்பதுபோலத்தான்.

நோட்டில் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: பதிந்த கோடுகள், ‘பெண்டிங்’ கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்கள் அனைத்தும், கடைசியாகக் கோடு அழிக்கப்பட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்ற எண். பெண்டிங் என்றால் ஒரு முறை சோதனை தோற்றிருக்கிறது, அடுத்த ஓட்டத்திலும் தோற்றால் லைட் எரியும் என்று பொருள். பல சோதனைகளுக்கு இந்த இரண்டு ஓட்ட விதி உண்டு. தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சோதனை தேறினால் லைட் தானாக அணையும். ஆனால் கோடு நினைவில் இருக்கும். எஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடான பிறகுதான் அது தானாக மறையும். எனவே லைட் எரியாத காரிலும் படிக்க விஷயம் இருக்கும்.

எண்ணைப் பிரித்துப் படிப்பது

முதல் எழுத்து பகுதியைச் சொல்லும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பவர்ட்ரெய்ன் வகை. இந்தக் கட்டுரையில் ‘பி’ (ஆங்கில P) என்று தொடங்குவதெல்லாம் அதுதான். பாடி, சேஸிஸ், நெட்வொர்க் ஆகிய மற்ற மூன்று வகைகளைச் சாதாரண ஸ்கேனர் பெரும்பாலும் காட்டாது.

அடுத்த இலக்கம் 0 அல்லது 2 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொருள் ஒன்றே. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. பி1ல் தொடங்குவதைப் பொதுப் பட்டியலில் தேடிப் பயனில்லை, ஒரே எண்ணுக்கு இரண்டு கம்பெனிகளில் இரண்டு அர்த்தம் இருக்கும். அதற்கும் அடுத்த இலக்கத்தில் 1, 2 என்பவை காற்றும் எரிபொருளும், 3 இக்னிஷன், 4 புகைக்கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை), 6 கம்ப்யூட்டர், 7, 8 கியர்பாக்ஸ். பி0700 மட்டும் தனி ரகம். ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு கோடு இருக்கிறது, போய்க் கேள்’ என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது.

‘பேங்க் 1’ என்பது ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பொதுவாக ஒரே பேங்க்தான். ஆக்சிஜன் சென்சார்களில் ‘சென்சார் 1’ புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால், ‘சென்சார் 2’ அதற்குப் பின்னால்.

எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது விளக்கத்தின் கடைசிச் சொற்களை. ‘சர்க்யூட் லோ’, ‘சர்க்யூட் ஹை’ என்று முடிந்தால் அது மின்சுற்றுப் புகார்: வயர், கனெக்டர், சென்சார் இவற்றில் தேட வேண்டும். ‘ரேஞ்ச், பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் மின்சாரம் வருகிறது, ஆனால் சென்சார் சொல்லும் எண் மற்ற சென்சார்களோடு ஒத்துப்போகவில்லை. ‘லீன்’ (பெட்ரோல் குறைவு), ‘ரிச்’ (பெட்ரோல் மிகுதி), ‘எஃபிஷியன்சி’ என்று வந்தாலோ சென்சார் தன் வேலையைச் செய்திருக்கிறது. எஞ்சினில் நடப்பதைத்தான் சொல்கிறது. இந்த மூன்றாவது வகையில் சென்சாரை மாற்றுவது காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கி எறிவது.

பல கோடுகள் ஒன்றாக வந்தால்

மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி0102, பி0113 இரண்டும் சேர்ந்து வந்தால் காற்றளவு சென்சாரும் காற்று வெப்ப சென்சாரும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். பல கார்களில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. ஏர் ஃபில்டர் மாற்றியவர் கனெக்டரைத் திரும்பச் செருக மறந்திருப்பார்.

சம்பந்தமில்லாத நாலைந்து சென்சார்களுக்கு ஒரே நாளில் ‘சர்க்யூட் லோ’ வந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் வழங்கல் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. சாவியை ஆன் செய்து, ஒரு சென்சார் கனெக்டரில் அந்த 5 வோல்ட்டை அளந்துகொண்டே மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, குற்றவாளி அந்த சென்சார் அல்லது அதன் வயர்.

பொதுவான காரணம் தென்படாவிட்டால் இந்த வரிசை: மின்னழுத்தக் கோடுகள், தொடர்புக் கோடுகள், சென்சார் மின்சுற்று, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் கலவை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எப்போதும் கடைசி. முன்னால் இருப்பவை சரியானதும் பின்னால் இருப்பவற்றில் சில தானாகவே போய்விடும்.

பி0171: கலவையில் பெட்ரோல் போதவில்லை

பழைய காரில் அடிக்கடி வரும் கோடு. படிக்கக் கற்றுக்கொள்ள ஏற்றதும் இதுதான். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அந்தத் திருத்தத்தின் சதவீதம்தான் ‘ஃப்யூயல் டிரிம்’. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஐந்துக்குள் இருந்தால் நன்று, பத்து வரை பொறுக்கலாம். கூட்டல் பக்கம் 20, 25ஐ நெருங்கும்போது இந்தக் கோடு விழுகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐடிலில் டிரிம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

ஐடிலில் +22, 2500இல் +5 என்று விழுந்தால் வேக்குவம் லீக். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அந்தக் காற்று மொத்தத்தில் கரைந்துவிடும். இத்துடன் ஐடில் உயர்ந்து பி0507உம் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை போகும் மடிப்புக் குழாயின் அடிப்பக்கம் இவற்றில்தான் பழைய ரப்பர் வெடித்திருக்கும். ஒவ்வொரு ஹோஸாக மழுங்கிய வாயுள்ள பிளையரால் மெதுவாக அழுத்தி, ஷார்ட் டெர்ம் டிரிம்மைப் பாருங்கள். சரியான ஹோஸை அடைத்ததும் எண் சட்டென்று இறங்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸை கார் நிற்கும்போது மட்டுமே அழுத்த வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடும் வழக்கமும் இருக்கிறது. சூடான மேனிஃபோல்டில் பட்டால் அது தீப்பிடிக்கும், பரிந்துரைக்க மாட்டோம்.

ஐடிலில் சரியாக இருந்து, ஆர்பிஎம்மும் சுமையும் ஏற ஏற டிரிம் கூடினால் கதை வேறு. பெட்ரோல் வந்துசேரவில்லை, அல்லது காற்றளவு சென்சார் குறைத்துச் சொல்கிறது. அடைந்த ஃபில்டர், தளர்ந்த பம்ப் இவற்றுக்கு ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டி, மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும். காற்றளவு சென்சாருக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சூடான எஞ்சின் ஐடிலில், எஞ்சின் கொள்ளளவில் ஒவ்வொரு லிட்டருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 1 கிராம் காற்று. 1.6 லிட்டர் எஞ்சின் 0.8 காட்டினால் அழுக்கு படிந்திருக்கலாம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடக் கூடாது. முழுக்க உலர்ந்த பின் மாட்டுங்கள்.

ஐடிலிலும் 2500இலும் ஒரே அளவு கூடுதலாக இருந்தால் எரிபொருள் அழுத்தத்தையும், முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா என்பதையும் பாருங்கள். கசிவு வழியே நுழையும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றிவிடும்.

பி0300 வரிசை: மிஸ்ஃபயர்

கடைசி இலக்கம் சிலிண்டர் எண். பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் இல்லை, மாறி மாறி வருகிறது. செக் எஞ்சின் லைட் நிலையாக எரியாமல் மினுக்கினால் உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது; கன்வர்ட்டர் உருகிவிடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள எஞ்சினில் சோதனைக்குச் செலவே இல்லை. இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி, கோட்டை அழித்து ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில் கெட்டுவிட்டது. பி0302வே வந்தால் அடுத்து ஸ்பார்க் ப்ளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். காயிலை எடுக்கும்போது ப்ளக் குழியில் ஆயில் நிற்கிறதா பாருங்கள். நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட்டின் குழாய் சீல் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

காயிலும் ப்ளக்கும் நல்லவை என்றால் இன்ஜெக்டர், அதற்கும் பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 25 சதவீதத்தைத் தாண்டினால் பிரச்சினை எஞ்சினுக்குள்ளே. அந்த நிலையில் சென்சார் பேச்சுக்கே இடமில்லை.

வெப்ப சென்சார் கோடுகள்

இரண்டு வயர் உள்ள கூலன்ட், காற்று வெப்ப சென்சார்களுக்கு எளிய சோதனை இருக்கிறது. லைவ் டேட்டாவில் மைனஸ் 40 டிகிரி காட்டினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். எண் 130க்கு மேல் தாவினால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நலம், சென்சார்தான் போயிற்று. அசையாமல் மைனஸ் 40லேயே நின்றால் வயரில் தேடுங்கள்.

பி0128 இதோடு சேர்ந்ததல்ல. எஞ்சின் சூடாக நேரம் பிடிக்கிறது என்கிறது அது. கூலன்ட் அளவு குறையவில்லையென்றால் திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்தான் வழக்கமான காரணம்.

பி0420: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்

விலையுயர்ந்த பாகம் என்பதால் அவசரப்படக் கூடாது. சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் வைத்து இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் பாருங்கள். பழைய வகை சென்சார் என்றால் முன்னால் இருப்பது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஆடும். கன்வர்ட்டர் வேலை செய்தால் பின்னால் இருப்பது 0.6, 0.7 அளவில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வர்ட்டர் களைத்துவிட்டது. அதற்கு முன் எக்ஸாஸ்ட் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கன்வர்ட்டர் சும்மா சாவதில்லை. நெடுநாள் மிஸ்ஃபயரோ, எரியும் எஞ்சின் ஆயிலோ கொன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிதைப் போட்டால் புதிதும் அதே வழியில் போகும்.

பி0455, பி0442, பி0456 ஆகியவை பெட்ரோல் ஆவிக் கசிவு. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துவிட்டு இறுக மூடி, சில நாள் ஓட்டுங்கள். லைட் உடனே அணையாது.

பழைய கார் வாங்கப் போகும்போது

கோடு எதுவும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். ‘ரெடினஸ் மானிட்டர்’ பக்கத்துக்குப் போங்கள். கேட்டலிஸ்ட், ஆவிக் கட்டுப்பாடு, ஆக்சிஜன் சென்சார் என ஒவ்வொரு சோதனையும் முடிந்ததா, இல்லையா என்று அங்கே இருக்கும். எல்லாமே ‘இன்கம்ப்ளீட்’ என்றால் சற்று முன்புதான் யாரோ கோட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ‘கோடு அழித்த பின் ஓடிய தூரம்’ 6 கிலோமீட்டர் என்று காட்டினால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால், நூறு கிலோமீட்டராவது ஓடிய பின் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஏர்பேக் லைட் எரியும் காரில் மஞ்சள் கனெக்டர்களை மீட்டரால் தொடவே தொடாதீர்கள், ஏர்பேக் வெடிக்கக்கூடும். அதற்கான கருவி உள்ளவரிடம் கொண்டுபோவதே வழி.

சரிசெய்த பின்

இப்போது கோட்டை அழிக்கலாம். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையே இருக்கட்டும். நிரம்பினாலும் வற்றினாலும் ஆவிக் கசிவுச் சோதனை ஓடாது. இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு சாதாரணமாக ஓட்டி, இடம் கிடைத்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் சீராகப் போங்கள். பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள் ஓட்டினால் மானிட்டர்கள் ஒவ்வொன்றாக முடியும்.

லைட் எரிகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஓட்டம் முடிந்ததுமே பெண்டிங் பக்கத்தைப் பாருங்கள். சரிசெய்த கோடு அங்கே வந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். வராமல், அந்தக் கோட்டுக்குரிய மானிட்டரும் ‘கம்ப்ளீட்’ ஆகிவிட்டால் வேலை முடிந்தது.